அப்பாவின் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே வாங்கிய கேமராக்கள்

அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் 2007இல் திருக்கடையூரில் நடந்தது. மயிலாடுதுறையிலிருந்து பக்கம்தான் என்றாலும் முகூர்த்தம் காலையிலேயே இருந்ததால், விடியுமுன்பே இரண்டு வேன்களில் கிளம்பிவிட்டோம். அந்த நாளுக்காகவே முந்தின வாரம் 9,500 ரூபாய்க்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தேன். 7 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், இரண்டு பென்சில் பேட்டரி. அப்போது என் ஆசிரியர் சம்பளத்துக்கு அது பெரிய தொகை. ஸ்டுடியோவில் ஆள் சொல்ல வேண்டாம், நானே எடுத்துவிடுகிறேன் என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன்.

பெட்டியோடு வந்த பேட்டரி, வாரம் முழுக்கக் குழந்தைகளை எடுத்துப் பார்த்ததிலேயே தீர்ந்துபோயிருந்தது. வழியில் ஒரு டீக்கடையில் வேனை நிறுத்தியபோது ஆறு பென்சில் பேட்டரி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். முதல் ஜோடி போட்டதும் எட்டுப் படம் எடுத்தது. பேட்டரியை மாற்றச் சொல்லித் திரையில் எழுத்து வந்தது. மாற்றினேன், ஆறு படம். மூன்றாவது ஜோடியில், அப்பா மாங்கல்யத்தைக் கையில் எடுத்த நேரத்தில், லென்ஸ் வெளியே நீட்டியபடியே நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன், உயிரே இல்லை. கெட்டிமேளம் முழங்குகிறது. எல்லாரும் அட்சதை போடுகிறார்கள். நான் மட்டும் கேமராவின் பேட்டரி மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். அம்மா கழுத்தில் அப்பா இரண்டாம் முறை தாலி கட்டிய படம் எங்கள் வீட்டில் இல்லை.

அந்த ஆறு பேட்டரிகளைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. வீட்டுக்கு வந்து ஒன்றை எடுத்துச் சுவர்க் கடிகாரத்தில் போட்டேன். அது ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. அப்போதுதான் புரிந்தது, பேட்டரி தீரவில்லை. கடிகாரத்துக்கும் டிவி ரிமோட்டுக்கும் போடும் சாதாரண கார்பன் பேட்டரியால் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் கொடுக்கத்தான் முடியும். டிஜிட்டல் கேமரா லென்ஸை நகர்த்தும்போதும் ஃபிளாஷுக்குச் சார்ஜ் ஏற்றும்போதும் ஒரே மூச்சில் நிறைய இழுக்கும். அந்த நேரம் பேட்டரியின் வோல்ட் சட்டென்று இறங்கும். பேட்டரி காலி என்று கேமரா முடிவுகட்டிவிடும். பென்சில் பேட்டரி கேமராவை இன்றும் சிலர் பழைய சாமான் கடையில் வாங்குகிறார்கள். வாங்கினால், 2000 எம்ஏஹெச் அளவுள்ள நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரி நான்கும் அதற்குரிய சார்ஜரும் சேர்த்தே வாங்குங்கள். அது இருந்தால் நூறு இருநூறு படம் தாராளமாக வரும். தனி லித்தியம் பேட்டரி உள்ள கேமராவாக இருந்தால், வாங்கும் அன்றைக்கே இன்னொரு பேட்டரிக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்குங்கள்.

எடுக்க முடிந்த சில படங்களும் உருப்படியாக வரவில்லை. ஹோமப் புகையில் ஃபிளாஷ் பட்டு, முகங்களுக்கு முன்னால் வெள்ளைத் திரை போட்டதுபோல் இருந்தது. ஃபிளாஷ் இல்லாமல் தூரத்திலிருந்து ஜூம் செய்து எடுத்தவை கலங்கியிருந்தன. பிரிண்ட் போடப் போனபோது எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணன் அவற்றைப் பார்த்துவிட்டு என் கேமராவைக் கையில் வாங்கினார். பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்கவே இல்லை. லென்ஸைச் சுற்றியுள்ள வளையத்தில் பொடி எழுத்தில் இருந்ததைக் காட்டினார்.

“டீச்சர், கேமரா வாங்கும்போது இதைப் படிங்க. மத்ததெல்லாம் அப்புறம்.”

வளையத்தில் 5.8-23.2 மி.மீ., 1:2.6-5.5 என்று இருந்தது. முதல் ஜோடி எண், லென்ஸ் எவ்வளவு தூரம் ஜூம் ஆகும் என்பதைச் சொல்கிறது. 23.2ஐ 5.8ஆல் வகுத்தால் 4. அதுதான் 4 மடங்கு ஜூம். இரண்டாவது ஜோடிதான் விஷயமே. லென்ஸின் கண் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பது அது. எண் சிறிதாக இருந்தால் கண் பெரிது. ஜூம் செய்யாமல் அகலக் கோணத்தில் எடுக்கும்போது 2.6. ஜூம் முழுக்க இழுத்தால் 5.5. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், முழு ஜூமில் உள்ளே வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏற்கெனவே இருட்டான மண்டபத்தில், கடைசி வரிசையிலிருந்து ஜூம் போட்டு எடுத்த என் படங்கள் ஏன் கலங்கின என்பதற்கு அந்த வளையத்திலேயே பதில் இருந்தது. வெளிச்சம் போதாதபோது கேமரா ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அந்த நேரத்துக்குள் கை ஆடும், ஆள் அசையும்.

வீட்டுக்குள், மண்டபத்துக்குள் எடுக்கும்போது ஜூமைத் தொடாதீர்கள், இரண்டடி முன்னால் போய் நில்லுங்கள். இத்தனை வருடத்தில் நான் சொல்லிக்கொடுத்த யோசனைகளிலேயே அதிகம் பேருக்கு உதவியது இதுதான். இதற்குக் காசும் தேவையில்லை.

வெளிச்சத்தை வாங்கும் இன்னொரு பாகம், லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார். கடைக்காரர் மெகாபிக்சலைச் சொல்வார், சென்சார் அளவைச் சொல்ல மாட்டார். விலை குறைந்த பாக்கெட் கேமராக்களில் பெரும்பாலும் 1/2.3 அங்குலச் சென்சார்தான் இருக்கும். ஏறக்குறைய 6 மி.மீ. அகலம், நாலரை மி.மீ. உயரம். பாசிப்பருப்பைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஒரு அங்குலச் சென்சார் என்று சொல்லப்படுவது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பில் முன்னதைப்போல் நான்கு மடங்கு. லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் கேமராக்கள் பலவற்றில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் பன்னிரண்டு மடங்குக்குக் கிட்ட. மழைத்தண்ணீர் பிடிக்க வாசலில் டம்ளரை வைப்பதற்கும் அண்டாவை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். சின்னச் சென்சாரில் மெகாபிக்சலை மட்டும் 12லிருந்து 20 ஆக்கினால் டம்ளர் பெரிதாகிவிடாது.

அப்படியானால் எத்தனை மெகாபிக்சல் போதும்? ஆல்பத்தில் ஒட்டும் 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 2 மெகாபிக்சலும் சொச்சமும் போதும். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்திலேயே இந்தக் கணக்கு. கூடத்தில் மாட்டும் 12க்கு 18 அங்குலப் படத்தை நாம் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதால் 200 புள்ளி போதும், அதற்கு 9 மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். இன்று கடையில் இருக்கும் கேமராக்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இதற்கு மேல் உண்டு. ஆகவே அந்த எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

2009இல் தம்பி அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு ஹேண்டிகேம் கொண்டு வந்தான். ஹேண்டிகேம் என்பது சோனி வைத்த பெயர், ஆனால் நம் ஊரில் எந்த நிறுவனத்தின் கேம்கார்டருக்கும் அதுதான் பெயர். சின்ன மினிடிவி (MiniDV) கேசட்டில் பதிவாகும். ஒரு கேசட்டில் ஒரு மணி நேரம். படம் பகலில் அருமையாக இருந்தது. இரவில் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் மட்டும் திரை முழுக்கத் துடித்துக்கொண்டே இருந்தது. கேமராவில் கோளாறு என்றே நினைத்தோம். கோளாறு ஒன்றுமில்லை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அங்கே 60. டியூப்லைட் இங்கே வினாடிக்கு 100 முறை துடிக்கிறது. வினாடிக்கு 60 என்ற கணக்கில் ஓடும் கேமரா அந்தத் துடிப்போடு ஒத்துப்போகாமல் படம் மினுங்குகிறது.

வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் கேமரா வாங்கி வரச் சொல்லும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்கும் கேம்கார்டர்கள் பலவற்றில் இந்த 60 என்பதை மாற்றவே முடியாது. மெனுவில் பிஏஎல் (நம் நாட்டு 50 கணக்கு), என்டிஎஸ்சி (அமெரிக்காவின் 60 கணக்கு) இரண்டும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் பிஏஎல் வைத்து, வினாடிக்கு 25 அல்லது 50 ஃபிரேமில் எடுங்கள். ஷட்டர் வேகத்தை நாமே வைக்க முடிந்தால் 1/50 அல்லது 1/100. அதோடு துடிப்பு அடங்கிவிடும். எல்ஈடி விளக்குகள் சிலவற்றிலும் இதே தொல்லை உண்டு, இதே மருந்துதான். வாரண்டி இங்கே செல்லுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலும் செல்லாது.

அந்தக் கேசட்டுகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மினிடிவி கேசட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற ஃபயர்வயர் என்ற தனிக் கம்பி வேண்டும். ஒரு மணி நேரக் கேசட்டை மாற்ற ஒரு மணி நேரம் ஆகும், 13 ஜிபி இடம் பிடிக்கும். அந்தக் கம்பிக்கான துளை இப்போதைய லேப்டாப்புகளில் கிடையாது. கேசட்டை ஓட்டும் கேமராக்களும் ஒவ்வொன்றாகப் பழுதாகி வருகின்றன. உங்கள் பீரோவில் அப்படிக் கேசட்டுகள் இருந்தால், புதுக் கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தில் முதலில் அவற்றை மாற்றிவிடுங்கள். மாற்றிக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் இன்னும் இருக்கின்றன. எங்களிடம் இருந்த பதினொரு கேசட்டுகளில் இரண்டில் பூஞ்சை பிடித்துப் படம் கட்டம் கட்டமாகிவிட்டது. அதில் ஒன்று என் பெரியவளின் முதல் பிறந்தநாள்.

2014இல் டிஎஸ்எல்ஆர் வாங்கினோம். அப்போது ஊரில் எல்லார் கழுத்திலும் அதுதான் தொங்கியது. 18-55 மி.மீ. லென்ஸோடு கிட்டத்தட்ட 30,000 ரூபாய். நல்ல கருவிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு வரும் லென்ஸின் வளையத்தை நான் மறுபடியும் படிக்காமல் விட்டுவிட்டேன். 1:3.5-5.6. சென்சார் பெரிது, கண் சிறிது. மண்டபத்துக்குள் அது எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. ஒரு வருடம் கழித்து ஸ்டுடியோ அண்ணன் தன் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை ஒரு வாரம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். 5.6க்கும் 1.8க்கும் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து மடங்கு வித்தியாசம். கார்த்திகை தீபத்தன்று வாசலில் அகல் வெளிச்சத்திலேயே, ஃபிளாஷ் இல்லாமல், அம்மாவின் முகத்தை எடுத்தேன். கன்னத்து மயிர்க்கால்வரை தெரிந்தது. இந்த 50 மி.மீ. லென்ஸில் ஜூம் கிடையாது. கேமரா நிறுவனங்கள் விற்கும் லென்ஸ்களிலேயே விலை குறைந்த வரிசையில் இருப்பது. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் புதுக் கேமராவுக்கு ஆசைப்படும் முன் இதை ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

ஆனால் டிஎஸ்எல்ஆரை வீட்டில் என்னைத் தவிர யாரும் தொடவில்லை. அம்மாவுக்குக் கனம். என் வீட்டுக்காரருக்குக் குமிழைத் திருப்பித் திருப்பி அமைப்பதில் பொறுமை இல்லை. வாங்கும்போது நான் யோசிக்காமல் விட்ட பெரிய விஷயம் இது. வீட்டுக்கு வாங்கும் கேமரா வீட்டில் எத்தனை பேர் கைக்கு வசப்படும்? கடையில் உங்கள் அம்மாவிடமோ அப்பாவிடமோ கொடுத்து, எதுவும் சொல்லிக்கொடுக்காமல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டாவது முயற்சியில் எடுத்துவிட்டால் அதுதான் உங்கள் வீட்டுக்கான கேமரா.

அப்புறம் ஐப்பசி வந்தது. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் துணியே காயாது. கேமராவைத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைத்திருந்தேன். தை மாதம் எடுத்துப் பார்த்தால் படத்தில் ஒரு மூலை மங்கலாக இருந்தது. அண்ணன் லென்ஸைக் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச்சை அடித்துக் காட்டினார். கண்ணாடிக்குள் ஓர் ஓரத்தில் சிலந்தி வலையைப்போல் மெல்லிய நரம்புகள் கிளை பிரிந்து பரவியிருந்தன. லென்ஸ் பூஞ்சை. சுத்தம் செய்ய 1,800 ரூபாய் ஆனது. அடையாளம் இன்னும் இருக்கிறது.

அதிலிருந்து கேமராவைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீல நிறத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகை வாங்கினால், எப்போது ஈரம் ஏறிவிட்டது என்று தெரியும். வாணலியில் மெதுவான சூட்டில் வறுத்தால் பழைய நிறத்துக்கு வந்துவிடும், அந்த வாணலியைச் சமையலுக்கு மட்டும் மறுபடி எடுக்கக் கூடாது. ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றையும் டப்பாவுக்குள் வைத்து, 40லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். தோல் உறை, துணிப்பை இரண்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பயணத்துக்கு மட்டும் அவை போதும். அரிசிக்குள் வைக்கச் சொல்வார்கள், வேண்டாம், அரிசித் தூசி லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும்.

2016 ஜனவரியில் நாத்தனார் மகளுக்குக் கும்பகோணத்தில் அரங்கேற்றம். “அண்ணி, நீங்கதான் வீடியோ எடுக்கணும்” என்று நாத்தனார் சொல்லிவிட்டாள். டிஎஸ்எல்ஆரை ஸ்டாண்டில் நிறுத்தினேன். புஷ்பாஞ்சலி, அலாரிப்பு எல்லாம் நன்றாகவே போனது. வர்ணம் தொடங்கியபோது பதிவை அழுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். வர்ணம் அரை மணி நேரத்துக்கு மேல் போகும், ஆடுகிற பெண்ணின் மூச்சு, அபிநயம், தாளம் மூன்றையும் ஒன்றாகச் சோதிக்கும் உருப்படி அதுதான். குழந்தை சரணத்தில் நின்று, நாயகி தோழியிடம் கண் கலங்கிக் கேட்கும் இடம். சபையே அசையாமல் இருந்தது. எழுந்து போய்த் திரையைப் பார்த்தேன். பதிவு நின்றிருந்தது. கடைசி எண் 29 நிமிடம் 59 வினாடி.

அந்தக் காலத்துப் புகைப்படக் கேமராக்கள் பலவற்றில் இப்படி ஓர் எல்லை இருந்தது. ஐரோப்பாவில் அரை மணி நேரமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்யும் கருவியை வீடியோ கேமராவாகக் கருதிக் கூடுதல் சுங்க வரி போட்டார்கள். அதைத் தவிர்க்க நிறுவனங்கள் ஒரு வினாடி முன்னதாகவே நிறுத்தும்படி செய்துவிட்டன. அதைவிடப் பழைய சில மாடல்களில், ஒரு கோப்பு 4 ஜிபி ஆனதுமே பதிவு நின்றுவிடும். புதிய மாடல்கள் பலவற்றில் இந்தத் தடை இல்லை, ஆனால் நீண்ட நேரம் ஓடினால் சூடாகி நிற்பவை உண்டு. பழைய கேமராவை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் வீடியோவுக்கு என்றால் இதை விசாரிக்காமல் வாங்காதீர்கள். எனக்கு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்கவே அன்று கஷ்டமாக இருந்தது. ஏழு வருடப் பயிற்சி அவளுக்கு.

அப்பாவுக்கு எழுபது முடிந்து பீமரத சாந்தி 2017இல் வந்தது. அதே திருக்கடையூர். இந்த முறை ஆறு மாதம் முன்பே யோசிக்க ஆரம்பித்தேன். என்ன கேமரா நல்லது என்று யாரையும் கேட்கவில்லை. அன்றைக்கு என்னென்ன நடக்கும் என்று ஒரு தாளில் எழுதினேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் பதிவாக வேண்டும். ஹோமப் புகை. பாதி இருட்டு, பாதி தீ வெளிச்சம். பக்கத்திலேயே இன்னும் நாலைந்து குடும்பங்களுக்குச் சடங்கு நடக்கும், அவர்களின் நாதஸ்வரமும் நமக்குக் கேட்கும். நான் மகள் என்பதால் சடங்கில் நிற்க வேண்டும், கேமராவைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. பன்னிரண்டு வயது அக்கா பையன்தான் பார்த்துக்கொள்வான்.

எழுதி முடித்தபோது விடை தானாகவே வந்துவிட்டது. 30 மடங்கு ஆப்டிகல் ஜூம் உள்ள சின்ன ஹேண்டிகேம், 18,000 ரூபாய்க்குள். சென்சார் சிறியதுதான், ஆனால் கார்டில் இடம் இருக்கும்வரை ஓடும். பவர் பேங்கில் செருகியபடியே பதிவு செய்யலாம். பையனுக்குப் பத்து நிமிடத்தில் பழகிவிட்டது. 1,400 ரூபாய்க்கு ஸ்டாண்ட். 64 ஜிபி கார்டு இரண்டு. வினாடிக்கு 50 மெகாபிட் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 22.5 ஜிபி ஆகும், ஒரு கார்டில் இரண்டே முக்கால் மணி நேரம் என்று முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

வாங்கும் விதத்தையும் மாற்றினேன். சொந்தக் கார்டைக் கடைக்குக் கொண்டு போனேன். பளிச்சென்ற கண்ணாடி அலமாரி முன்னால் எல்லாக் கேமராவும் அழகாகத்தான் எடுக்கும். கடையின் மாடிப்படிக்குக் கீழே, அட்டைப்பெட்டி அடுக்கிய இருட்டு மூலையை முழு ஜூமில் ஒரு நிமிடம் எடுத்தேன். மூன்று கேமராக்களிலும் அப்படியே. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு மறுநாள் போய் வாங்கினேன். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. வாங்கப்போகிறவர் என்று தெரிந்தால் பெரும்பாலானவர்கள் அனுமதிப்பார்கள்.

அதே சமயத்தில் எங்கள் பள்ளி டீச்சர் ஒருவர் இணையத்தில் 6,000 ரூபாய்க்கு ஒரு கேம்கார்டர் வாங்கினார். பெட்டியில் 4கே, 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம் என்று இருந்தது. ஊர் பெயர் தெரியாத ஏதோ ஒரு கம்பெனியுடையது. ஜூம் பொத்தானை அழுத்தியபோது லென்ஸுக்குள் எதுவும் அசையவில்லை. அது டிஜிட்டல் ஜூம், எடுத்த படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுவது. அந்த வேலையை வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் நாமே செய்துகொள்ளலாம். 48 மெகாபிக்சல் என்பதும் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கிய எண்தான். வளையத்தில் ஒரே ஒரு மி.மீ. எண் மட்டும் இருந்தால் அதில் உண்மையான ஜூம் இல்லை. இப்போதும் இந்த வகை ஏகப்பட்ட பெயர்களில் விற்கிறது. அந்த 6,000 ரூபாய்க்கு ஒரு ஸ்டாண்டும் ஒரு மைக்கும் வாங்கிக் கையில் இருக்கும் செல்போனோடு சேர்த்திருந்தால் எவ்வளவோ நன்றாக வந்திருக்கும். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பேரனின் முதல் பிறந்தநாளுக்காக வாங்கியது.

கார்டிலும் இதே ஏமாற்று உண்டு. 128 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். முதல் 8 ஜிபி சரியாகப் பதிவாகும், அதற்கு மேல் போனதெல்லாம் காணாமல் போகும். கார்டு வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுவதும் நிரப்பிச் சோதித்துவிடுங்கள். ஒரு இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும். அப்படியும் தவறுதலாகக் கார்டை அழித்துவிட்டால் பதற்றத்தில் புதிதாக ஒன்றும் எடுக்காமல் கார்டை வெளியே எடுத்துவிடுங்கள். மேலே எதுவும் எழுதப்படாதவரை ஃபோட்டோரெக் என்ற மென்பொருள், அதுவும் இலவசம், நிறையவே மீட்டுத் தரும். என் சக ஆசிரியைகள் இருவருக்கு அது கைகொடுத்திருக்கிறது.

சத்தம்தான் எனக்குக் கடைசிவரை கவலையாக இருந்தது. கேமராவில் இருக்கும் மைக் கேமரா நிற்கும் இடத்துச் சத்தத்தைத்தான் எடுக்கும். ஜூம் படத்தைப் பக்கத்தில் கொண்டுவரும், குரலைக் கொண்டுவராது. நான் வாங்கிய மாடலில் வெளி மைக் செருக வழியும் இல்லை. விலை குறைந்த ஹேண்டிகேம்களில் பலவற்றில் இல்லை, வேண்டுமென்றால் வாங்கும் முன் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸ்டுடியோ அண்ணனிடம் கேட்டேன். “பழைய போன் ஒண்ணு இருக்கா டீச்சர்? அதுல குரல் பதிவைப் போட்டு, ஐயர் பக்கத்துல வெச்சிருங்க. ஆரம்பத்துல கேமராவுக்கு முன்னால ஒரு தடவை கையைத் தட்டிருங்க. அப்புறம் சேத்துக்கலாம்” என்றார். வீட்டுக்காரரின் பழைய போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, கலசங்களுக்குப் பின்னால் பூத்தட்டில், ஒரு வாழையிலைத் துண்டை மேலே போட்டு வைத்தேன். அக்கா பையன் கேமரா முன்னால் போய் நின்று பலமாக ஒரு தட்டு தட்டினான்.

இரண்டு மணி நேரம் நாற்பது நிமிடம் ஓடியது. எங்கும் நிற்கவில்லை. தீ கிளம்பும் இடங்களில் முகம் வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்ச அளவைக் கொஞ்சம் இறக்கி வைக்கவும் பையனுக்குச் சொல்லியிருந்தேன், மறக்காமல் செய்தான். இருட்டான பகுதிகளில் படம் மணல் தூவியதுபோல் இருக்கிறது, சின்னச் சென்சாரிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் மாங்கல்ய தாரணம் முழுசாக இருக்கிறது, பத்து வருடம் கழித்து.

இப்போது யாராவது கேமரா வாங்கலாமா என்று கேட்டால் முதலில் கையில் இருக்கும் போனைத்தான் காட்டச் சொல்கிறேன். ஜப்பானியக் கேமரா நிறுவனங்களின் சங்கக் கணக்குப்படி 2010இல் உலகம் முழுக்கப் போன டிஜிட்டல் கேமராக்கள் 12 கோடிக்கு மேல். 2020இல் அது ஒரு கோடிகூட இல்லை. 15,000 ரூபாய்க்குள் இருந்த பாக்கெட் கேமராக்களை நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன, பகல் வெளிச்சப் படத்துக்கு அவற்றைவிடப் போன் நன்றாகவே எடுக்கிறது. தூரத்துப் பறவைகளை எடுக்க வேண்டும், பள்ளி மேடையைக் கடைசி வரிசையிலிருந்து எடுக்க வேண்டும், மூன்று மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும், குழந்தை கையில் போனைக் கொடுக்காமல் படம் எடுக்கப் பழக்க வேண்டும். இந்த மாதிரி ஒரு காரணம் இருந்தால் மட்டும் தனிக் கேமரா. பறவைக்கென்றால் நிக்கான் பி900 போன்ற 83 மடங்கு ஜூம் கேமராக்கள் இரண்டாம் கையாகக் கிடைக்கின்றன. இருட்டில் நல்ல படமும் வேண்டும், சட்டைப்பையிலும் அடங்க வேண்டும் என்றால் ஒரு அங்குலச் சென்சார் உள்ள சோனி ஆர்எக்ஸ்100 வரிசை. 2012இல் வந்த முதல் மாடலே வீட்டுத் தேவைக்கு இன்றும் தாராளம்.

இரண்டாம் கையில் வாங்கும்போது லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை பாருங்கள். லென்ஸை மூடிக்கொண்டு ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்பில் வண்ணப் புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் பழுது. அந்த மாடலுக்குப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்று கேளுங்கள். பழைய ஒலிம்பஸ், ஃபியூஜிஃபிலிம் கேமராக்களில் எக்ஸ்டி கார்டு, பழைய சோனியில் மெமரி ஸ்டிக். இவை இப்போது எளிதில் கிடைக்காது. சாதாரண எஸ்டி கார்டு போடும் கேமராவாகப் பாருங்கள். பழைய கேமராக்களின் நிறம் பிடித்துப்போய் இளம்பிள்ளைகள் தேடித் தேடி வாங்குவதால் சில மாடல்களின் விலை ஏறிக்கிடக்கிறது. அதற்கெல்லாம் போட்டி போட வேண்டாம்.

அம்மா 2021இல் போய்விட்டார்கள். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் அக்கா பையன், அப்போது பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தவன், அந்தப் போன் பதிவை ஹேண்டிகேம் படத்தோடு சேர்த்துக் கொடுத்தான். டாவின்சி ரிசால்வ் என்ற இலவச மென்பொருளில், அந்தக் கைத்தட்டலை அடையாளமாக வைத்து ஒட்டியிருந்தான். அதுவரை நாங்கள் பார்த்த படத்தில் நாதஸ்வரமும் தவிலும்தான் கேட்கும். இப்போது மந்திரம் தெளிவாகக் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது. ஒரு மணி பன்னிரண்டாவது நிமிடத்தில், அப்பா குனிந்து நெய் விடும்போது, அம்மா தாழ்ந்த குரலில் சொல்கிறார்கள். “இந்தாங்க, வேட்டி நுனி. தீக்குப் பக்கத்துல போவுது பாருங்க.”

அப்பா அந்த இடத்தை நிறுத்தச் சொன்னார். பையன் பின்னால் இழுத்து மறுபடி போட்டான். அந்தக் கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி, ஒன்றை என் வீட்டிலும் ஒன்றை அக்கா வீட்டிலும் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பொங்கலுக்கும் இரண்டையும் செருகித் திறக்கிறதா என்று பார்த்துவிடுகிறோம்.